வளைவை விரிக்கும் கலை

எளியனவாகத் தோன்றும் வேலைகள் சில, செய்யப் புகும்போது பேரறிவை வேண்டி நிற்கின்றன. வளைந்த ஒரு பொருளின் மேற்பரப்பைத் தட்டையான தாளில் விரித்துக் காட்டுவது அவற்றுள் ஒன்று. நம் வீட்டுப் பெண்கள் அணியும் இரவிக்கை, குழந்தைகள் பள்ளிக்கு அணிந்து செல்லும் காலணி, காரின் இருக்கையுறை, விண்ணிற் பறக்கும் விமானத்தின் இறக்கை ஆகிய யாவும் இந்த ஒரு வேலையை நம்பியே உருவாகின்றன. துணியும் தோலும் தகடும் தட்டையாகவே கிடைக்கின்றன. மனித உடலும் காலும் இருக்கையும் தட்டையாக இல்லை. தட்டையானதை எவ்வாறு வெட்டினால் வளைந்ததன்மேல் சுருக்கமின்றிப் பொருந்தும் என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடை காண்பதையே பிழைப்பாகக் கொண்டு, இப்பெங்களூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருபவன் நான். ஆதலின், இதனைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

கடலை விற்பவர் காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலம் செய்வதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தட்டையான தாள் ஒரு நொடியில் கூம்பாகிறது. கடலையைத் தின்று முடித்தபின் பிரித்தால், அது மீண்டும் தட்டையான தாளாகிறது. அதிற் கிழிசலும் இல்லை, சுருக்கமும் இல்லை. கூம்பையும் உருளையையும் இவ்வாறு குறையின்றி விரித்துவிடலாம். அதற்குரிய கணக்கும் எளியதே. 14 செ.மீ. விட்டமுள்ள தகரக் குழாய் வேண்டுமானால், அதன் சுற்றளவாகிய 44 செ.மீ. நீளத்திற்குத் தகரத்தை வெட்டி, ஓரத்து மடிப்புக்குச் சிறிது கூட்டிக்கொண்டால் போதும். 14 செ.மீ. வாயுள்ள கூம்பு வேண்டுமானால், 28 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் கால்பகுதியை வெட்டிச் சுருட்டலாம். அக்கால்பகுதியின் வளைந்த ஓரமும் அதே 44 செ.மீ. ஆக அமையும். புனலும் வாளியும் செய்யும் தகர வேலைக்காரர்கள் இக்கணக்கை ஏட்டிற் கல்லாமல் கையாற் கற்றவர்கள்.

இனி, அதே 14 செ.மீ. வாயுள்ள, அரைப்பந்து வடிவான கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தாளைப் போர்த்த முயல்வோம். கிண்ணத்தின் உச்சியிலிருந்து விளிம்புவரை மேற்பரப்பின் வழியே அளந்தால் 11 செ.மீ. வரும். ஆகவே 11 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தாள் வேண்டும். அவ்வட்டத்தாளின் சுற்றளவோ ஏறத்தாழ 69 செ.மீ. கிண்ணத்தின் விளிம்போ 44 செ.மீ. மட்டுமே. மிகுந்து நிற்கும் 25 செ.மீ. எங்கே போவது? தாளாயின் அது சுருங்கி மடியும். துணியாயின் ஓரளவு இழுபட்டுக் கொடுத்து, எஞ்சியதைச் சுருக்கமாகக் காட்டும். தகடாயின் சுத்தியால் அடித்துச் சுருக்க வேண்டும். அல்லது நடுப்பகுதியை நீட்ட வேண்டும். இவையொன்றும் வேண்டா எனில், வெட்ட வேண்டும். ஒரே இடத்தில் அகன்ற ஆப்புப்போல வெட்டலாம். எட்டு இடங்களில் மூன்று மூன்று செ.மீ. ஆகவும் வெட்டலாம். எங்கே வெட்டினாலும் அந்த 25 செ.மீ.க்கு ஒரு கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இதனை அறுதியிட்டுக் கூறியவர் செருமானியக் கணித அறிஞர் காஸ். ஹனோவர் நாட்டின் நில அளவைப் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டிருந்த அவர், வளைந்த பரப்புகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1827ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு பரப்பின் எந்த இடத்திலும் மிகுதியாக வளையும் திசை ஒன்றும், குறைவாக வளையும் திசை ஒன்றும் உண்டு. அவ்விரண்டு வளைவுகளையும் பெருக்கினால் வரும் எண்ணை அப்பரப்பின் இயல்பைக் காட்டும் எண்ணாகக் கொள்ளலாம். பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் எவ்வளவு மடக்கினாலும் சுருட்டினாலும் அவ்வெண் மாறாது என்பது காஸ் கண்ட உண்மை. தட்டையான தாளுக்கு அவ்வெண் சுழி. குழாயோ ஒரு திசையில் வளைந்திருப்பினும் மற்றொரு திசையில் நேராக இருப்பதால், அதற்கும் சுழியே. ஆதலின் தாள் குழாயாகலாம், குழாயும் தாளாகலாம். பந்து இரு திசையிலும் வளைந்தது. அதன் எண் சுழியன்று. ஆதலின் எந்தத் தாளும் பந்தாகாது. எந்தப் பந்தும் தாளாகாது. எவ்வளவு திறமை மிக்க தொழிலாளியும், எவ்வளவு விலையுயர்ந்த கணினியும் இவ்விதியை மீற இயலாது.

நாம் வாழும் உலகமும் ஒரு பந்தே. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படம் தட்டையாக இருப்பதால், அதில் எங்கேனும் ஒரு பிழை ஒளிந்திருந்தே தீரும். 1569ஆம் ஆண்டில் மெர்கேட்டர் வரைந்த படத்தின் முறை மாலுமிகளுக்கு மிகவும் உதவியது. ஏனெனில் அது திசைக் கோணங்களை மாறாமற் காத்தது. கோணத்தைக் காத்த அப்படம் பரப்பளவைக் காக்கவில்லை. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவிற்கு இணையாகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. பரப்பளவைக் காக்கும் படங்களும் உண்டு. அவை உருவத்தைக் காப்பதில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே காக்க வழியில்லை. எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை வரைபவன் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய தீர்மானங்களை நாள்தோறும் செய்த ஒருவரை நான் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தேன். அவர் என் தந்தையார். ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்து, அல்சூரில் ஒரு சிறு தையற்கடை வைத்திருந்தார். பெண்களின் இரவிக்கை தைப்பதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. இரவிக்கையில் 'டாட்' பிடிப்பதை நம் பெண்கள் நன்கு அறிவர். துணியில் ஒரு கூரிய ஆப்புவடிவத்தை மடித்துத் தைத்துவிட்டால், தட்டையான துணி அவ்விடத்தில் குவிந்து வடிவம் பெறுகிறது. கிண்ணத்தின் மேல் மிகுந்து நின்ற 25 செ.மீ.க்குச் சொன்ன கணக்கே இங்கும் சொல்லப்படுகிறது. டாட்டின் கூர்முனை எங்கே நிற்க வேண்டும், அகலம் எவ்வளவு இருக்க வேண்டும், ஒன்றாகப் பிடிப்பதா மூன்றாகப் பிரிப்பதா என்பவற்றை அணிபவரின் உடலையும் துணியின் தன்மையையும் பார்த்து அவர் முடிவு செய்வார். பட்டுக்கு ஒரு கணக்கு. பருத்திக்கு வேறு கணக்கு. குழந்தைக்குப் பாலூட்டும் தாயின் இரவிக்கைக்கு மற்றுமொரு கணக்கு.

அவர் தம் மாதிரிகளைப் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களில் வெட்டி வைத்திருந்தார். நான் படித்தது கன்னடப் பள்ளி. வாழ வந்த ஊரின் மொழியைப் பிள்ளைகள் பிழையறக் கற்க வேண்டும் என்பதில் தந்தையார் உறுதியாக இருந்தார். அதனால் நான் பெற்ற நன்மை சிறிதன்று. தமிழெழுத்துகளையோ அவருடைய வெட்டு மேசையின் அடியில் உட்கார்ந்து, கைத்துண்டு, கழுத்துத்துண்டு, முதுகுத்துண்டு என்று கிடந்த அந்தத் தாள்களில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதியில் வெட்டுண்ட செய்தி எவ்வாறு முடிந்தது என்று கேட்டால், தந்தையார் ஊசியை நிறுத்தாமலே முடிவைச் சொல்லுவார். ஊரில் இருந்த வீட்டையும் நிலத்தையும் அவர் விட்டுவந்தார், மொழியை விட்டுவரவில்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று அவர் தெளிவாக எண்ணிப் பார்த்திருந்தார் என்பதை நான் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

தையற்காரரின் வேலையைப் பெரிய கணித அறிஞர் ஒருவரும் ஆராய்ந்திருக்கிறார் என்பதைத் தந்தையார் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். உருசிய நாட்டுக் கணித மேதை செபிசேவ் 1878ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரிசு நகரில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் பொருள் ஆடைகளை வெட்டும் முறை. துணியின் பாவும் ஊடும் தம் நீளத்தில் மாறுவதில்லை. அவற்றிற்கு இடையே உள்ள கோணமே மாறுகிறது என்று கொண்டு, வளைந்த உடலின்மேல் துணி எவ்வாறு படியும் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு கைக்குட்டையை மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள், சதுரம் சாய்சதுரமாகும். நூல் நீளவில்லை, கோணமே மாறியது. தையற்காரர் 'கிராஸ்' வெட்டு என்று கூறுவதன் உட்பொருள் இதுவே. இந்தக் கணக்கு, ஒரு நூற்றாண்டு கழிந்தபின், விமானத் தொழிலில் பெரும்பயன் விளைத்தது. அத்தொழில் நம் பெங்களூரிலேயே நடைபெற்று வருவதால், அதனைச் சிறிது விரித்துக் கூறுவது பொருந்தும்.

இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் இந்நகரில் தொடங்கப்பெற்றது. தமிழ்த் தொழிலாளர் பலர் குடும்பத்தோடு இங்கு வந்து சேர்ந்ததற்கு அத்தகைய தொழிற்சாலைகள் ஒரு காரணம். காட்கே அவர்களின் தலைமையில் உருவாக்கப்பெற்ற எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் முதன்முதலிற் பறந்தது. அக்காலத்து விமானத்தின் மேனி அலுமினியத் தகட்டால் ஆனது. தகடு ஓரளவு நீளும், சுருங்கும். மர அச்சின்மேல் வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, வேண்டிய வளைவைக் கொண்டுவரும் கைத்திறன் மிக்கவர்கள் அப்பணிக்குத் தேவைப்பட்டனர். தட்டும்போது எழும் ஓசையைக் கொண்டே தகடு எங்கே இறுகியிருக்கிறது என்று அறியும் தொழிலாளர் உண்டு.

பின்னர்த் தகட்டின் இடத்தில் கரியிழைத் துணி வந்தது. 1984ஆம் ஆண்டில் பெங்களூரில் அமைந்த வானூர்தி மேம்பாட்டு முகமை இலகுரகப் போர் விமானத்தை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றது. பிற்காலத்தில் தேஜஸ் என்று பெயர்பெற்ற அவ்விமானம் 2001ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் இந்நகரின் வானில் முதன்முறை பறந்தது. அதன் உடற்கட்டின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கரியிழை முதலிய கூட்டுப் பொருள்களால் ஆனது. 1959இல் தோன்றிய பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் அவ்விமானத்தின் வால் துடுப்பையும் சுக்கானையும் கூட்டுப் பொருளால் ஆக்கித் தந்தது.

கரியிழைத் துணி பிசின் ஊறிய மெல்லிய தாள் போன்றது. அதனைப் பல அடுக்குகளாக வளைந்த அச்சின்மேல் ஒட்டி, அழுத்தமும் வெப்பமும் உள்ள பெரிய கலத்தில் வைத்து வேக வைத்தால், எஃகினும் எடை குறைந்த உறுதியான மேனி கிடைக்கும். ஆனால் அந்த இழை சிறிதும் நீளாது. ஒவ்வோர் அடுக்கின் இழையும் இன்ன திசையில் ஓட வேண்டும் என்று முன்னரே வகுத்திருப்பர்; திசை பிறழ்ந்தால் வலிமை குறையும்; ஓரிடத்திற் சுருக்கம் விழுந்தால் அவ்விடமே பின்னர் விரிசலுக்கு வாயிலாகும். ஆகவே, ஒவ்வோர் அடுக்கையும் தட்டையான நிலையில் எந்த வடிவில் வெட்டுவது, அச்சில் எங்கிருந்து ஒட்டத் தொடங்குவது, எங்கே பிளவு கொடுப்பது என்பவற்றை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இதற்கென அம்முகமையினர் 'ஆட்டோலே' என்னும் மென்பொருளைத் தாமே உருவாக்கினர். பின்னர் ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனமும் தன் ஏ380 என்னும் பெருவிமானத்தின் பணிக்காக அதனைப் பெற்றுக்கொண்டது. செபிசேவ் பாரிசில் பேசிய தையற்கணக்கு போர் விமானத்தின் மேனியில் வந்து அமர்ந்தது என்றால் மிகையாகாது.

இப்போது 'கேட்' எனப்படும் வரைமென்பொருள்கள் விமானத் தொழிலில் மட்டுமன்றிக் காலணி, ஆடை, கூடாரம், இருக்கையுறை ஆகிய தொழில்களிலும் இவ்வேலையைச் செய்கின்றன. செய்யும் முறையைச் சுருங்கக் கூறுவேன். முதலில் வளைந்த பரப்பை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரிக்கின்றன. 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் படை அதிகாரி சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, வளைந்த இந்நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்து சென்றதைப் போன்றது இது. ஒவ்வொரு சிறு முக்கோணமும் தட்டையானது. ஒன்றைத் தாளில் வைத்து, அடுத்ததை அதன் ஓரத்தில் ஒட்டி, இவ்வாறே விரித்துக்கொண்டு போனால், ஓரிடத்தில் இடைவெளி விழும். அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்போது மென்பொருள் ஒவ்வோர் ஓரத்தையும் ஒரு சுருள்வில்லாகக் கருதி, எல்லா விற்களின் இழுப்பும் கூடியவரை குறையுமாறு முக்கோணங்களைத் திரும்பத் திரும்ப நகர்த்துகிறது. இறுதியில் எஞ்சிய இழுப்பை நிறத்தாற் காட்டுகிறது. நீண்ட இடம் சிவப்பாகவும் நெருங்கிய இடம் நீலமாகவும் தோன்றுவது பெரும்பான்மை வழக்கம்.

சிவப்பைக் கண்டவுடன் வேலை முடிந்துவிட்டதா எனின், இல்லை. அங்கேதான் வேலை தொடங்குகிறது. அவ்விடத்தில் வெட்டுக் கொடுக்கலாமா? துணி அந்த இழுப்பைத் தாங்குமா? குறுக்கே எவ்வளவு நீளும், நெடுக்கே எவ்வளவு நீளும்? தையல் அங்கே வந்தால் உட்காருபவரின் தொடையை உறுத்துமா? இக்கேள்விகளுக்கு விடை கொடுத்தாலன்றி மென்பொருள் மேலே செல்லாது. மிகுந்த 25 செ.மீ.யைக் கணினி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். அதனை யார் தலையிற் சுமத்துவது என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்யும் பட்டறை ஜே.சி. சாலைப் பக்கத்தில் உள்ளது. காருக்குரிய அணிப்பொருள்களும் இருக்கையுறைகளும் அச்சாலையில் வரிசையாக விற்கப்படுவதைப் பெங்களூர்வாசிகள் அறிவர். அங்கே வெட்டும் பணியில் ஆம்பூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைக்கிறோம். இளமையில் காலணித் தொழிற்சாலையில் மேற்றோல் வெட்டும் வேலை பார்த்தவர். காலின் வடிவில் செதுக்கிய 'லாஸ்ட்' என்னும் கட்டைமேல் ஒட்டுநாடாவை இடைவெளியின்றி ஒட்டி, அதன்மேல் கோடு வரைந்து, கத்தியால் உரித்தெடுத்து, வளைந்து நிற்கும் ஓரங்களிற் சிறு சிறு வெட்டுக் கொடுத்து அட்டைமேல் பரப்புவது அத்தொழிலின் முறை. உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு எடுத்து, இரண்டிற்கும் நடுவான ஒரு வடிவை வரைவார்கள். அதே முறையை மாஸ்டர் காரின் இருக்கைக்குக் கொண்டுவந்தார். அவர் வெட்டிய அட்டைகள் எங்கள் பட்டறைப் பரணில் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் முதலாளி, வெளியிலிருந்து கணினி வார்ப்புருக்களை விலைக்கு வாங்கிப் பார்க்க எண்ணினார். புதிய கார் ஒன்று வந்த உடனே அதன் இருக்கைக்குரிய வார்ப்புரு கிடைத்துவிடும், இயந்திரம் வெட்டிவிடும், மாஸ்டருக்கு மாதந்தோறும் கொடுக்கும் ஊதியம் மிச்சமாகும். முதலாளியைக் கொடியவர் என்று கூறமாட்டேன். வாடகை ஏறிக்கொண்டிருந்தது, போட்டியும் மிகுந்திருந்தது. வந்த வார்ப்புருவைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் மாஸ்டரையும் உடன் அழைத்துக்கொண்டேன்.

வார்ப்புரு பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. துண்டுகள் குறைவு, தையல் குறைவு, ரெக்சினும் வீணாகவில்லை. மாஸ்டர் அதனை இருக்கையின்மேல் வைத்துத் தடவிப் பார்த்தார். முன்னிருக்கையின் வெளிப்பக்க ஓரத்தில் அவர் கை நின்றது.

"தம்பி, இதை வரைந்தவர் இந்த இருக்கையைக் கண்ணால் பார்த்தாரா?" என்று கேட்டார்.

"அளவை மட்டும் பார்த்திருப்பார், மாஸ்டர்" என்றேன்.

"இங்கே ஒரு சிறு துண்டு தைத்திருக்கிறது பார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லப்பா."

அதில் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தது. பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால், இருக்கையின் அந்த ஓரத்திற்குள் மடிந்திருக்கும் காற்றுப்பை, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் வெளியே விரிந்து, உள்ளே இருப்பவரின் விலாவைக் காக்கும். அது வெளிவருவதற்கு உறை இடங்கொடுக்க வேண்டும். அவ்விடத்தை மூடாமல் விட வேண்டும். அல்லது உரிய சோதனை செய்யப்பெற்ற, எளிதிற் பிரியும் தையலை அங்கே அமைக்க வேண்டும். அந்த வார்ப்புருவோ அவ்வோரம் முழுவதையும் ஒரே துண்டாக, உறுதியாக மூடியிருந்தது. வெட்டைக் குறைத்தவர் வெட்ட வேண்டிய இடத்தையே மூடிவிட்டார். கணினியின் திரையில் அவ்விடம் சிவப்பாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை. இழுப்பே இல்லாமல் அமைதியாக இருந்தது. இழுப்பை மட்டும் அளக்கும் கருவி, இருக்கைக்குள் என்ன இருக்கிறது என்பதை எவ்வாறு அறியும்?

நான் முதலாளியிடம் சென்று, இவ்வுறையை விற்றல் ஆகாது என்று எடுத்துக் கூறினேன். அவரும் வந்து பார்த்தார், நெடுநேரம் பேசவில்லை. அந்த வார்ப்புருவை அன்றே ஒதுக்கிவிட்டார். ஆயினும், மாஸ்டருக்குப் பழைய வேலை முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல இயலாது. வாரத்திற்கு மூன்று நாள் வந்து, புதிய வார்ப்புருக்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஊதியம் பாதியாயிற்று. எழுபதை நெருங்கும் வயதில், கண்பார்வையும் குறைந்துவரும் நிலையில், அவர் அதனை ஏற்றுக்கொண்டார். "மூன்று நாளாவது கேட்கிறார்களே" என்று அவர் கூறியது எனக்கு ஆறுதலாக இல்லை. அவருடைய பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவில்லை. அவர் வருவது நின்றபின் யாரைக் கேட்பது?

பரணில் இருந்த அட்டைகளைப் பழைய காகிதக்காரரிடம் போட்டு இடத்தைக் காலி செய்யவும் அப்போது பேச்சு எழுந்தது. அவற்றை என் பொறுப்பில் விடுமாறு கேட்டுப் பெற்றுக்கொண்டேன். ஒவ்வோர் அட்டையிலும் மாஸ்டரின் கையெழுத்தில் பென்சிற் குறிப்புகள் இருக்கின்றன. 'இங்கே இழுத்துத் தை', 'இங்கே தளர விடு', 'வெயில் பட்டால் இறுகும், அரை விரல் கூட்டு' என்று தமிழில் எழுதியிருக்கிறார். இவற்றுள் எந்த ஒன்றும் வெறும் அளவன்று. ஏன் அந்த அளவு என்பதற்குரிய காரணம். வேலை முடிந்த மாலை வேளைகளில் ஓர் அட்டையை எடுத்துக் கணினியில் ஏற்றுகிறேன். மாஸ்டர் வரும் நாள்களில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அக்குறிப்புகளைத் தமிழிலேயே வடிவத்தோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது, பாதி இருக்கிறது. அவரோ இப்போது திரையைப் பார்த்து, "அந்தக் கோட்டை இன்னும் ஒரு விரல் உள்ளே தள்ளு" என்று சொல்லும் அளவிற்குப் பழகிவிட்டார். இயந்திரம் அவருக்குப் பகையாகத் தோன்றவில்லை. தம்மைக் கேளாமல் முடிவு செய்வதையே அவர் வெறுத்தார்.

அன்பர்களே, இந்நகரில் நம்மவருள் தையற்காரர் எத்தனை பேர், தோல் வேலை செய்பவர் எத்தனை பேர், தகர வேலையும் டிங்கர் வேலையும் குஷன் வேலையும் செய்பவர் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரியிலும் கேட் மென்பொருள் கற்கிறார்கள். கற்க வேண்டியதே; அதனால் குடும்பம் உயரும். ஆயினும், ஒரே வீட்டில் தந்தை ஒரு மூலையில் துணியை வெட்டுகிறார். மகளோ மகனோ மற்றொரு மூலையில் திரையில் பரப்பை விரிக்கிறார்கள். இருவரும் செய்வது ஒரே வேலை என்பதை இருவருமே அறிவதில்லை. தந்தை தம் தொழிலைத் தாழ்வென்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார். பிள்ளையும் அதனைக் கேட்டறிய வேண்டிய அறிவென்று கருதுவதில்லை. இந்த மௌனத்தால் இழப்பு இருவருக்கும் உண்டு.

ஆகவே, ஒரு வேண்டுகோளை மட்டும் வைக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் இத்தகைய தொழில் செய்த பெரியவர் ஒருவரிடம் உட்காருங்கள். அவர் வெட்டிய ஒரு மாதிரியை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒவ்வொரு வெட்டையும் காட்டி, "இதை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதலில் அவர், "அது கைப்பழக்கம்" என்று சொல்லிவிடுவார். அத்தோடு விட்டுவிடாமல் மீண்டும் கேளுங்கள். காரணம் வரும். அக்காரணத்தைக் கற்ற இளைஞர், எந்த மென்பொருளின் முன் உட்கார்ந்தாலும் நல்ல வேலைக்காரராக விளங்குவார்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்வேன். கணினி உங்கள் அறிவைப் பழையதாக்கிவிடவில்லை. எங்கே வெட்டுவது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்குரிய விடை உங்களிடம் இருக்கிறது; பிள்ளைகள் கேட்கும்போது தயங்காமற் கூறுங்கள்.